சொந்தமாக ஒரு 8 பிட் கணினி கட்டி அதில் ஃபோர்த் எழுதுவது எப்படி: முதல் கம்பியிலிருந்து முழு வழிகாட்டி

255 24576 !

இது ஒரு முழு நிரல் வரி. தமிழில் வாசித்தால் "255ஐ 24576இல் வை". எண் முதலில், இடம் அடுத்து, செய்யவேண்டிய வேலை கடைசியில். நாம் பேசும் வரிசையே இதுதான். மற்ற மொழிகளில் நிரல் எழுதும்போது வினையை முன்னால் இழுத்துப்போட்டுப் பழகியிருக்கிறோம், ஃபோர்த் மொழியில் அந்தப் பழக்கத்தை விட்டால் போதும், நம் வாக்கியம் அப்படியே நிரலாகிவிடுகிறது. தமிழ் பேசுகிறவர்கள் இந்த மொழியை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அதையும் மடிக்கணினியில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல், நம் கையால் கம்பி சொருகிக் கட்டிய கணினியில் ஓட்டினால் ஒவ்வொரு சொல்லும் எந்தக் கம்பியில் போய் முடிகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இந்த வழிகாட்டியில் 65சி02 என்ற 8 பிட் செயலிச் சிப்பை வைத்து, சாலிடர் இல்லாமல் கம்பி சொருகும் பலகையான பிரெட்போர்டில் ஒரு கணினி கட்டி, அதில் அந்தச் சிப்புக்கான ஃபோர்த்தான டாலி ஃபோர்த் 2 ஏற்றி, எல்இடி எரியவைப்பது வரை போகலாம். வாரயிறுதிகளில் மட்டும் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். முகவரிகளை, அதாவது நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் உள்ள எண்களை, எல்லாம் வழக்கமான பதின்ம எண்ணிலேயே தருகிறேன்.

ஏன் இந்த சிப், ஏன் இந்த மொழி

6502 சிப் 1975இல் 25 டாலர் விலையில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இன்டெல் 8080 வந்தபோது அதன் பட்டியல் விலை 360 டாலர். அந்த விலை வித்தியாசத்தால்தான் ஆப்பிள் 2, கொமடோர் பெட் மாதிரியான கணினிகள் வீட்டுக்குள் வர முடிந்தது. அந்த வடிவமைப்பில் பங்கெடுத்த பில் மென்ஷ் பிறகு தொடங்கிய வெஸ்டர்ன் டிசைன் சென்டர், அதன் சீமாஸ் வடிவமான 65சி02ஐ இன்றைக்கும் விற்கிறது. அதே காலத்து இன்னொரு 8 பிட் செயலியான இசட்80 சிப்பும் நல்ல சிப்தான், ஆனால் அதன் பழைய 40 கால் வடிவத்துக்கான ஆர்டர்களை நிறுத்தப்போவதாக சைலாக் 2024இல் அறிவித்துவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர் கடையில் புதுசாகக் கிடைப்பதை எடுப்பதே நல்லது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய 6502இல் கிளாக்கை, அதாவது செயலிக்குத் தாளம் கொடுக்கும் துடிப்பை, நிறுத்தினால் உள்ளே இருக்கும் மதிப்புகள் தொலைந்துபோகும், இப்போதைய 65சி02இல் கிளாக்கை முழுதாக நிறுத்தி வைக்கலாம். அதாவது நொடிக்கு ஒரே துடிப்பு கொடுத்து, அது என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட வசதி கிடையாது.

மொழி விஷயத்தில் போட்டி இருக்கிறது. கேரி கில்டால் 1973இல் உருவாக்கிய பிஎல்/எம், 1983இல் அட்டாரிக்கு கார்ட்ரிட்ஜாக வந்த ஆக்‌ஷன், இப்போது ஆர்வலர்கள் வளர்க்கும் கௌகோல், மில்ஃபோர்க் எல்லாமே சின்ன சிப்புகளுக்கான கம்பைலர் (நாம் எழுதுவதை இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள்) மொழிகள்தான். மில்ஃபோர்க் நிஜமாகவே நல்ல மொழி. ஆனால் அதில் எழுதினால் கம்பைலர் உங்கள் பெரிய கணினியில் ஓடும், நீங்கள் கட்டியது விடை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஃபோர்த்தில் கம்பைலரே அந்தப் பிரெட்போர்டுக்குள் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதி முற்றுப்புள்ளி மாதிரி ; போட்டவுடன் அங்கேயே, அந்த 65சி02வே, அதை இயந்திர மொழியாக மாற்றி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது.

சார்லஸ் மூர் உருவாக்கிய மொழி இது. ஐபிஎம் 1130 கணினியில் ஒரு பெயருக்கு ஐந்து எழுத்துதான் என்பதால், 'நான்காவது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை வெட்டிப் பெயர் வைத்தார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியை இயக்கியது இந்த மொழிதான். 2014இல் வால்மீனில் இறங்கிய ஃபிலே கலத்தில் இருந்ததும் ஃபோர்த்துக்காகவே வடிவமைத்த ஆர்டிஎக்ஸ்2010 சிப்.

படி 1: கம்பியைத் தொடும் முன் மொழியைத் தொடுங்கள்

கணினியில் ஜிஃபோர்த் நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம்தான். திறந்து இதை அடியுங்கள்:

3 4 + .

7 என்று வரும். "மூன்றையும் நான்கையும் கூட்டிக் காட்டு." எண்ணைக் கண்டால் ஃபோர்த் அதை ஓர் அடுக்கின் மேல் வைக்கும். கூட்டல் குறி மேலே இருக்கும் இரண்டை எடுத்துக் கூட்டி விடையைத் திருப்பி வைக்கும். புள்ளி என்றால் மேலே இருப்பதை எடுத்துக் காட்டு என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி கட்டாயம், அதை மறந்தால் இரண்டு சொல்லை ஒரே சொல்லாக நினைத்துத் தெரியாது என்று சொல்லிவிடும்.

அடுத்து:

: இரட்டை 2 * ;
21 இரட்டை .

42 வரும். முக்காற்புள்ளி ஒரு புதுச் சொல்லைத் தொடங்குகிறது, அரைப்புள்ளி முடிக்கிறது. ஆமாம், பெயர் தமிழில் இருக்கலாம், ஜிஃபோர்த் யூடிஎஃப்-8ஐப் புரிந்துகொள்ளும். மொழியின் அடிப்படைக் குறிகளில் நிறைய வெறும் நிறுத்தற்குறிகள்தான், @ என்றால் எடு, ! என்றால் வை. அதனால்தான் ஆங்கில எழுத்தே இல்லாமல் உண்மையான நிரல் எழுத முடிகிறது.

இரண்டு மூன்று நாள் இதிலேயே விளையாடுங்கள். பிறகு பை65 என்ற 6502 போலியாக்கியில் (கணினிக்குள் 6502 போல நடிக்கும் மென்பொருள்) டாலி ஃபோர்த் 2 கோப்பை ஏற்றி ஓட்டுங்கள். நாளை உங்கள் பலகையில் ஓடப்போவது இதே மென்பொருள்தான், பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. ஜிஃபோர்த்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: இங்கே ஓர் எண் 16 பிட், இரண்டு பைட். இது பின்னால் நமக்கு உதவப்போகிறது.

படி 2: பொருட்கள்

65சி02 செயலி, 32 கிலோபைட் ரேம் 62256, 32 கிலோபைட் அழித்தெழுதும் ரோம் 28சி256, உள்ளீடு வெளியீட்டுக்கு 65சி22, சீரியலுக்கு, அதாவது பெரிய கணினியோடு ஒவ்வொரு பிட்டாகப் பேசுவதற்கு, 65சி51, ஒரு 74ஹெச்சி00. அப்புறம் 1 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், சீரியல் சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 5 வோல்ட் யூஎஸ்பி சீரியல் மாட்யூல், ரோமில் எழுத டிஎல்866 அல்லது டி48 மாதிரி ஒரு புரோகிராமர். மெதுவான கிளாக்குக்கு உங்களிடம் கிடக்கும் ஆர்டுயினோ போதும்.

பிரெட்போர்டு, 22 கேஜ் ஒற்றைக் கம்பி, ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் எல்லாம் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும். பிரெட்போர்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மலிவான பலகையில் கம்பி உட்காரும் இடம் தளர்ந்து, தொட்டால் ஓடும், கையை எடுத்தால் நிற்கும், நீங்கள் இல்லாத தவறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

செயலியையும் துணைச் சிப்புகளையும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். நான் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒரு செயலி வாங்கி இரண்டு வாரம் போராடினேன். கடைசியில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தபோது மேலிருந்த எழுத்து அழிந்து அடியில் வேறு எழுத்து தெரிந்தது, பழைய சிப்புக்குப் புது முத்திரை குத்தி விற்றிருந்தார்கள்.

படி 3: செயலி மட்டும் தனியாக

முதல் நாளே எல்லா சிப்பையும் சொருகிவிடாதீர்கள். செயலி ஒன்று மட்டும் போதும். 8ஆம் காலுக்கு 5 வோல்ட், 21க்கு கிரவுண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு 0.1 கெப்பாசிட்டர், இது இனி வரும் ஒவ்வொரு சிப்புக்கும் வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய 6502 வரைபடங்களில் 1ஆம் கால் கிரவுண்டு என்றிருக்கும். இன்றைய 65சி02இல் அது ஒரு வெளியீடு, அதை கிரவுண்டில் இணைக்கவே கூடாது, சும்மா விட்டுவிடுங்கள்.

2, 4, 6, 36, 38 ஆகிய கால்களை ஒவ்வொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். இவை காத்திருப்பு, குறுக்கீடு, பஸ் அனுமதி போன்ற உள்ளீடுகள். எதையாவது அந்தரத்தில் விட்டால் கை கிட்டே போனாலே செயலி தடுமாறும். 40ஆம் கால் ரீசெட், அதையும் ரெசிஸ்டரால் மேலே இழுத்து, ஒரு பொத்தானை கிரவுண்டுக்குப் போடுங்கள். 37க்கு ஆர்டுயினோவிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு.

இப்போது டேட்டா கால்கள், 26 முதல் 33 வரை, டி7இலிருந்து டி0 வரை இறங்கும் வரிசை. எட்டுக்கும் 1 கிலோஓம் ரெசிஸ்டர். டி4, டி2, டி0 மூன்றையும் கிரவுண்டுக்கு, மீதி ஐந்தையும் 5 வோல்ட்டுக்கு. இப்படிக் கட்டினால் செயலி எங்கே படித்தாலும் 234 என்ற எண்ணே கிடைக்கும். 6502இன் மொழியில் 234 என்றால் "ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ".

9 முதல் 13 வரையுள்ள கால்கள் ஏ0 முதல் ஏ4 வரையிலான முகவரிக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் எல்இடியும் 1 கிலோஓம் ரெசிஸ்டரும் போடுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று துடிப்பு போனதும் விடுங்கள். ஏழு துடிப்பு தன்னைத் தயார்செய்துகொள்ளும், அதற்குள்ளேயே 65532, 65533 இரண்டு இடங்களிலும் படித்து எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். இரண்டிலும் 234தான் கிடைக்கும், ஆகவே 60138இலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஏ4இலிருந்து ஏ0 வரை பார்த்தால் அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது என்ற கோலம், பிறகு இரண்டு துடிப்புக்கு ஒருமுறை ஒன்று கூடும்.

இது நடக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். நடந்த அன்று வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெறும் ரெசிஸ்டர்களை நம்பி ஒரு செயலி எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது அவ்வளவு நன்றாக இருக்கும்.

படி 4: யார் எந்த முகவரிக்குப் பதில் சொல்வது

டேட்டா ரெசிஸ்டர்களைக் கழற்றிவிடுங்கள். ஒரே டேட்டா கம்பிகளில் நான்கு சிப் உட்காரப்போகின்றன, ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச வேண்டும். அதைத் தீர்மானிப்பது 74ஹெச்சி00, அதில் நான்கு நாண்ட் வாயில்கள் இருக்கின்றன (இரண்டு உள்ளீடும் உயர்ந்தால் மட்டும் வெளியீடு தாழும்), நமக்கு மூன்று போதும். பென் ஈட்டர் தன் வீடியோக்களில் பிரபலமாக்கிய அமைப்பு இது, எளிமையானது.

முதல் வாயிலின் இரண்டு உள்ளீடுகளிலும் ஏ15. வெளியே வருவது ஏ15இன் தலைகீழ், அதை ரோமின் தேர்வுக் காலுக்குக் கொடுங்கள். 32768க்கு மேல் எல்லாமே ரோம். ரோமின் எழுதும் காலை 5 வோல்ட்டிலும் வெளியீட்டு அனுமதிக் காலை கிரவுண்டிலும் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது வாயிலுக்கு முதலாவதின் வெளியீடும் கிளாக்கும். அதன் வெளியீடு ரேமின் தேர்வுக் காலுக்கு. இங்கே கிளாக்கைச் சேர்ப்பதை விட்டுவிடாதீர்கள், துடிப்பின் முதல் பாதியில் முகவரிக் கம்பிகள் மாறிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் ரேம் விழித்திருந்தால் எங்கேயோ ஓரிடத்தில் குப்பை எழுதப்பட்டுவிடும். ரேமின் வெளியீட்டு அனுமதிக் காலுக்கு ஏ14, எழுதும் காலுக்குச் செயலியின் 34ஆம் கால். 0 முதல் 16383 வரை ரேம் நமக்குக் கிடைக்கிறது, சிப்பின் மறுபாதி வீணாகிறது, பரவாயில்லை.

மூன்றாவது வாயிலுக்கு முதலாவதின் வெளியீடும் ஏ14உம். இதன் வெளியீடு 65சி22க்கும் 65சி51க்கும் தாழ்ந்தால் விழிக்கும் தேர்வுக் கால்களுக்குப் போகிறது. உயர்ந்தால் விழிக்கும் தேர்வுக் காலில் 65சி22க்கு ஏ13, 65சி51க்கு ஏ12. இப்போது 65சி22 இருக்கும் இடம் 24576, சீரியல் இருக்கும் இடம் 20480. நான்காவது வாயிலின் உள்ளீடுகளை கிரவுண்டில் கட்டுங்கள்.

துணைச் சிப் இரண்டுக்கும் கிளாக், ரீசெட், எழுது/படி கம்பிகளைச் செயலியோடு சேர்த்துவிடுங்கள். 65சி22இன் பதிவேட்டுத் தேர்வு நான்கும் ஏ0 முதல் ஏ3 வரை, 65சி51க்கு ஏ0, ஏ1 மட்டும். குறுக்கீட்டுக் கால்களை எங்கும் இணைக்க வேண்டாம்.

படி 5: பதினெட்டு பைட் சோதனை

ஃபோர்த் ஏற்றும் முன் ரேமே தேவைப்படாத ஒரு சின்ன நிரலை ஓட்டிப் பாருங்கள், தவறு எந்தப் பக்கம் என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். ரோம் கோப்பின் தொடக்கத்தில் இந்த எண்கள்:

169 255 141 2 96
169 85 141 0 96
169 170 141 0 96
76 5 128

முதல் வரி 65சி22இன் பி வாசல் (எட்டு உள்ளீடு வெளியீட்டுக் கால்களின் தொகுதி) முழுவதையும் வெளியீடாக்குகிறது. அடுத்த இரண்டும் எல்இடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி மாற்றி எரியவிடுகின்றன, கடைசி வரி இரண்டாம் வரிக்குத் திரும்பிப் போகச் சொல்கிறது. கோப்பில் 32764ஆம் இடத்தில் 0, 32765இல் 128 வையுங்கள், ரீசெட் ஆனதும் 32768இலிருந்து தொடங்கு என்று அர்த்தம். புரோகிராமரில் எழுதும்போது சிப் எழுத மறுத்தால் அதன் எழுதுதடைப் பாதுகாப்பை நீக்கும் தேர்வைப் பாருங்கள்.

பி வாசலில் எட்டு எல்இடி போட்டு மெதுவான கிளாக்கில் ஓட்டுங்கள். எரியவில்லையா? மல்டிமீட்டரை எடுத்து முகவரிக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பெரும்பாலும் இரண்டு கம்பி இடம் மாறியிருக்கும், ஏ11க்கும் ஏ12க்கும் நடுவில் கிரவுண்டுக் கால் உட்கார்ந்திருப்பதால் அங்கேதான் வரிசை தவறும்.

படி 6: சீரியல்

65சி51இன் மூன்று கட்டுப்பாட்டு உள்ளீடுகளையும், அதாவது அனுப்பலாமா, எதிர்முனை தயாரா, இணைப்பு உண்டா என்று கேட்கும் கால்களை, கிரவுண்டில் கட்டுங்கள். அனுப்பும் கம்பி யூஎஸ்பி மாட்யூலின் வாங்கும் காலுக்கு, வாங்கும் கம்பி அனுப்பும் காலுக்கு. கிரவுண்டுகள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

20483இல் 31 எழுதினால் வேகம் 19200, எட்டு பிட், ஒரு நிறுத்த பிட். 20482இல் 11 எழுதினால் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) இல்லை, குறுக்கீடு இல்லை. ஓர் எழுத்தை வாங்க 20481இன் மூன்றாம் பிட் (0இலிருந்து எண்ணினால், மதிப்பு 8) 1 ஆகும்வரை காத்திருந்து 20480ஐப் படிக்க வேண்டும்.

அனுப்பும்போதுதான் சிக்கல். இப்போது விற்கும் 65சி51இல் "அனுப்பும் பெட்டி காலி" என்று சொல்ல வேண்டிய பிட் எப்போதும் 1ஆகவே இருக்கும், இது தெரிந்த குறை. அதை நம்பினால் முந்தைய எழுத்து போவதற்குள் அடுத்ததை எழுதி எல்லாம் கலங்கிவிடும். ஓர் எழுத்து போக 0.52 மில்லிநொடி ஆகும், 1 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 520 துடிப்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் பின் 600 துடிப்பு எண்ணிக் காத்திருக்கும் ஒரு சின்னச் சுற்றைப் போட்டுவிடுங்கள்.

படி 7: ஃபோர்த்தைக் குடியேற்றுதல்

ஆர்டுயினோவைக் கழற்றி 1 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை வையுங்கள். டாலி ஃபோர்த் 2இன் மூலநிரலில் ஒவ்வொரு வன்பொருளுக்கும் ஒரு தனிக் கோப்பு இருக்கும். ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை நகலெடுத்து உங்களுடையதாக மாற்றுங்கள். ரேமின் முடிவை 16383 என்று குறையுங்கள், இதை மறந்தால் இல்லாத நினைவகத்தில் எழுதப் பார்க்கும். தொடங்கும்போது சீரியலைத் தயார்செய்யும் துணைநிரல், ஓர் எழுத்து வாங்குவது, ஓர் எழுத்து அனுப்புவது, இந்த மூன்றையும் படி 6இல் சொன்னபடி எழுதுங்கள். மூலநிரலை இயந்திர மொழியாக்கும் 64டாஸ் அசெம்பிளரில் ஓட்டினால் ரோமுக்கு வேண்டிய கோப்பு கிடைக்கும்.

டாலி ஒவ்வொரு சொல்லையும் துணைநிரல் அழைப்புகளின் வரிசையாகவே கம்பைல் செய்கிறது, மிகச் சின்னச் சொற்களாக இருந்தால் அழைக்காமல் அவற்றின் இயந்திர நிரலையே உள்ளே பதித்துவிடும். அழைப்பு என்றால் திரும்பி வரும் இடத்தை ரேமில் குறித்துவைக்க வேண்டும். ஆகவே பதினெட்டு பைட் நிரல் ஓடி, ஃபோர்த் மட்டும் மௌனமாக இருந்தால் முதல் சந்தேகம் ரேம் கம்பிகள் மீதுதான்.

பெரிய கணினியில் சீரியலோடு பேசும் டெர்மினல் மென்பொருளை 19200, எட்டு பிட், பாரிட்டி இல்லாமல் திறந்து ரீசெட் அழுத்துங்கள். வரவேற்பு வரி வந்ததும் 3 4 + . அடியுங்கள்.

படி 8: விளக்கு

65சி22இல் 24576 பி வாசல், 24577 ஏ வாசல், 24578உம் 24579உம் அவற்றின் திசைப் பதிவேடுகள். ஃபோர்த்தின் ! இரண்டு பைட்டை அடுத்தடுத்து வைக்கும் என்று சொன்னேன் அல்லவா, ஆகவே ஒரே வரியில் இரண்டு வாசலையும் கையாளலாம்:

: தயார் 65535 24578 ! ;
: ஏற்று 255 24576 ! ;
: அணை 0 24576 ! ;
: பொறு 10000 0 டூ லூப் ;
: சிமிட்டு ஏற்று பொறு அணை பொறு ;

டூ, லூப் இரண்டையும் மட்டும் ரோமன் எழுத்தில் அடியுங்கள், அவை மொழியோடு வந்த சொற்கள். பிறகு "தயார் சிமிட்டு".

தமிழ்ப் பெயர்களில் ஒரு கணக்கு உண்டு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனி. ஃபோர்த் தரநிலை உறுதி சொல்வது 31 நீளம் வரைதான். "சிமிட்டு" எட்டுக் குறி, 24 பைட், உள்ளே அடங்கிவிடும். பத்துக் குறிக்கு மேல் போகாமல் பெயர் வையுங்கள். 1970களின் கடைசியில் வந்த ஃபிக் ஃபோர்த்தில் மட்டும் தமிழ் எடுபடாது, பெயர் முடியும் இடத்தை அது எட்டாவது பிட்டால்தான் குறிக்கிறது, தமிழின் எல்லா பைட்டிலும் அந்த பிட் 1. உங்கள் பலகையில் முதலில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துச் சோதியுங்கள், டெர்மினலோ நீங்கள் எழுதிய துணைநிரலோ எட்டாவது பிட்டை வெட்டினால் சொல் தெரியாது என்று வரும், அதைச் சரிசெய்யும்வரை ரோமன் எழுத்தில் பெயர் வைத்து ஓட்டுங்கள்.

நிரலை ஒரு கோப்பில் எழுதி ஒட்டும்போது வரிக்கு வரி சிறு இடைவெளி விடும்படி டெர்மினலில் அமையுங்கள். ஒரு வரி முடிந்ததும் அந்தச் சின்ன செயலி அதை கம்பைல் செய்துகொண்டிருக்கும், அப்போது வரும் எழுத்துகளைப் படிக்க ஆளில்லை.

மின்சாரம் போனால் ரேமில் இருக்கும் சொற்கள் போய்விடும். நிலைத்துவிட்ட சொற்களை டாலியின் பயனர் சொற்கள் கோப்பில் சேர்த்து மறுபடி ரோமில் எழுதினால், ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் அவை தானாக கம்பைல் ஆகி அகராதியில் வந்து உட்காரும். என் பலகையில் அப்படி முதலில் ஏறியது "அணை". சோதனை எந்தக் கோலத்தில் நின்றாலும் ஒரே சொல்லில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எழுந்து போகலாம்.